சுஸ் வெனிங்கின் அகலம்

என் மனைவி இறந்து எட்டு மாதம் கழித்துக் குண்டானாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, வோனோகிலிங் வார்டு அலுவலகத்தின் காத்திருப்புக் கூடத்தில் அது நடந்தது. சுமார் முப்பது பேர் பார்த்தார்கள். நான் இரண்டாம் எண் கவுண்டரில் ஒருவரின் குடும்ப அட்டையில் புதுக் குழந்தையின் பெயரைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது எதிர்ச் சுவரில் வெனிங் பீரோ அகலத்துக்கு நின்றிருந்தாள்.

வெனிங் அரசு சுகாதார நிலையத்தில் நர்ஸ். நர்ஸ்களை எங்கள் பக்கம் 'சுஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். டெங்கு பரவிய ஆண்டில் மாவட்டச் சேனல்காரர்கள் வந்து அவளை வைத்து நாற்பது வினாடி அறிவிப்பு ஒன்று எடுத்தார்கள். தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்ப்பாள். தேய்ப்பாள். நிமிர்ந்து, நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துவிட்டு, "வாரத்துக்கு ஒரு தடவை. மறந்துடாதீங்க" என்பாள். அவ்வளவுதான். தினமும் காலை பத்துக்கும் மதியம் இரண்டுக்கும் அதைப் போடுவார்கள். மழையில் பைக் சறுக்கி அவள் போன பிறகும் போட்டார்கள். நிறுத்தச் சொல்லி யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. நான் அந்த அலுவலகத்தில் ஒப்பந்த எழுத்தர். என் மேஜை டிவிக்கு நேர் எதிரே. வேலை நாட்களில் தினமும் இரண்டு முறை என் மனைவியைப் பார்த்துவந்தேன். வெள்ளியன்று மட்டும் ஒரு முறை. சனி, ஞாயிறு விடுமுறை.

பழைய டிவி பெட்டி டிவி. அதன் திரை கிட்டத்தட்டச் சதுரம். மாவட்டச் சேனல் அனுப்பும் படமும் அதே உருவம். நாற்பத்து மூன்று கிலோ வெனிங் அதில் நாற்பத்து மூன்று கிலோவாகவே இருந்தாள். பிறகு மாவட்ட நிர்வாகம் வார்டுக்கு ஒன்று என்று ஐம்பது அங்குல டிவி கொடுத்தது. பெரிய சேனல்கள் அந்த அகலத் திரைக்கேற்ற உயர்தரப் படம் அனுப்புகின்றன. அவை கச்சிதமாகப் பொருந்தின. மாவட்டச் சேனல் இன்னும் பழைய சதுரப் படத்தைத்தான் அனுப்புகிறது. புது டிவி அதை இரண்டு காதையும் பிடித்து இழுத்துத் திரை முழுக்கப் பரப்பிவிட்டது. தொட்டி படகானது. ஓரத்தில் வரைந்திருந்த கொசு ஹெலிகாப்டரானது. வெனிங்குக்கு இரண்டு தாடை வந்தது.

எங்கள் பக்கம் மரியாதைக்குப் பெரியவர்களில் பெண்ணை 'இபு', ஆணை 'பாக்', இளையவனை 'மாஸ்' என்று அழைப்போம். இபு துமிரா அலுவலக வாசலில், மாவில் தோய்த்த சோயா வில்லையான மெந்தோவானைப் பொரிப்பவர். பொரித்துப் போட்டுவிட்டு டிவி பார்க்க உள்ளே வந்துவிடுவார்.

"அடேயப்பா! சுஸ் வெனிங் நல்லா பூசின மாதிரி ஆயிட்டாங்களே! அங்க கவனிப்பு நல்லா இருக்கு போல."

"எங்க?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"மேலதான். இங்க இருக்கும்போது எலும்பும் தோலுமா இருந்தாங்க. மாஸ் பிரசோஜோவுக்குச் சமைக்கத் தெரியாது, பாவம்."

அந்தப் பிரசோஜோ நான்தான். அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார்.

"மாஸ், தப்பா எடுத்துக்காதீங்க. மெந்தோவான் சூடா இருக்கு. ரெண்டு தரட்டுமா?"

இரண்டு வாங்கிக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். மாசமாக இருந்தபோது எடுத்த படமா என்று ஒருவர் கேட்டார். இவர் அவருடைய அக்காவா என்று ஒருவர் கேட்டார். வீட்டில் எனக்கு டிவி இல்லை. இருந்தாலும், வீட்டில் யாரும் அவளைக் குண்டு என்று சொல்லவில்லை. சொன்னது இந்தக் கூடம். இந்தக் கூடத்தில்தான் அவள் தன் அளவுக்குத் திரும்ப வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ரிமோட் பாக் திர்த்தோவிடம் இருந்தது. அவர் பொருள் காப்பாளர். அலுவலகத்தில் அவர் ஸ்டிக்கர் ஒட்டாத பொருள் கிடையாது. நாற்காலி, குப்பைக்கூடை, சுவர்க்கடிகாரம் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. ஒருமுறை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்த ஓட்டுநரின் முதுகிலும் ஒட்டியிருக்கிறார். ரிமோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரப்பர் பேண்டு சுற்றி, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

"பாக், வலது மூலையில சதுரம் போட்ட பொத்தான் ஒண்ணு இருக்கு. ரெண்டு தடவை அழுத்தினா போதும். நாலு வினாடி வேலை."

"தெரியும் மாஸ். கூட வந்த புத்தகத்தைப் படிச்சிட்டேன்."

"அப்புறம் என்ன?"

"சத்தம் கூட்டறது, குறைக்கறது, சேனல் மாத்தறது. இது மூணும்தான் என் அதிகாரம். படத்தோட உருவத்தை மாத்தினா பொருளோட தன்மையே மாறிடும். நாளைக்கு ஆய்வுக்கு வர்றவங்க, வாங்கினப்ப அகலமா இருந்த டிவி இப்ப ஏன் குறுகலா இருக்குன்னு கேப்பாங்க."

"டிவி குறுகாது பாக். படம்தான்."

"படத்தை விட்டுட்டு டிவியை எவன் பாக்கறான்?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சுஸ் எனக்கு வியாழக்கிழமை தவறாம பிரஷர் பாத்தவங்க. உப்பைக் குறைங்க, உப்பைக் குறைங்கன்னு திட்டுவாங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கஷ்டமா இருந்தா பொத்தான் அழுத்த முடியாது. ஆணை இருந்தாதான் அழுத்த முடியும். மனு எழுதுங்க."

ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி எழுதினேன். 'பொருள்: என் மனைவியின் அகலத்தைக் குறைக்க அனுமதி கோருதல்.' சீருடை தைக்க எடுத்த அவளுடைய அளவுச் சீட்டை இணைத்தேன். செயலாளர் இபு லிலிக் மனுவை இரண்டு முறை படித்தார்.

"இதுல பாதிக்கப்பட்டவங்க யாரு, மாஸ்?"

"என் மனைவி, இபு."

"அப்ப அவங்கதானே நேர்ல வரணும்?"

"அவங்க வர முடியாது, இபு."

"தெரியும் தெரியும். நானும் வந்திருந்தேனே அன்னிக்கு. சரி, அவங்க உங்களுக்கு அதிகாரம் கொடுத்ததா ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க."

"யாருகிட்ட?"

அவர் யோசித்தார். யோசிப்பது அவருக்கே புதிதாக இருந்தது போலிருந்தது.

"வாரிசுச் சான்றிதழ் போதும். கவுண்டர் ரெண்டுல வாங்கிக்கோங்க."

"கவுண்டர் ரெண்டு நான்தான், இபு."

"அப்ப சீக்கிரம் கிடைச்சிரும்."

மூன்று நாள் ஆனது.

நான்காம் நாள் பாக் லூரா கூப்பிட்டார். லூரா என்றால் வார்டின் தலைவர். எங்கள் லூரா பாக் ப்ரனோத்தோ ஒடிசலான மனிதர். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால் அவர் உள்ளே இருக்கிறாரா என்று தெரியாது. அவர் பதவியேற்ற விழா மாவட்டச் சேனலில் வந்தபோது புது டிவியில் தோள் இரண்டும் விரிந்து, மார்பு நிமிர்ந்து, பயில்வான் போல இருந்தார். அதை அவர் கூடத்தில் நின்றபடியே மூன்று முறை பார்த்தார். நான்காவது முறை குடும்பத்தை அழைத்துவந்தார்.

"மாஸ், அரசாங்கம் நம்மள நம்பி ஐம்பது அங்குலம் கொடுத்திருக்கு. நீங்க கேக்கற மாதிரி வெச்சா ரெண்டு பக்கமும் கறுப்பா நிக்குமாமே. எத்தனை சதவீதம்?"

"இருபத்தஞ்சு, பாக்."

"கால்வாசித் திரை சும்மா கிடக்கும். மேலேர்ந்து கேட்டா நான் என்ன சொல்றது? ஒதுக்கின திரையை ஏன் முழுசாப் பயன்படுத்தலைன்னு கேட்டா? எங்க எழுத்தரோட மனைவி ஒல்லின்னா?"

"ஆமாம் பாக். அவ ஒல்லிதான்."

"அடுத்தது. திங்கக்கிழமை தோறும் பாக் பூபதி பேசறார்." பூபதி என்பது எங்கள் மாவட்டத் தலைவரின் பதவிப் பெயர். அதைச் சொல்லும்போது பாக் லூரா நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். "அவரையும் கால்வாசி குறைக்கச் சொல்றீங்களா?"

"அவர் இருக்கற அளவுக்குத்தான் தெரிவார், பாக்."

"அவர் இருக்கற அளவு அவருக்குத் தெரிய வேண்டாம்னுதானே நாமெல்லாம் இருக்கோம்!"

மனு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த மாதம் மாவட்டப் புதுமைப் போட்டி அறிவித்தார்கள். ஒவ்வொரு வார்டும் மக்கள் சேவையில் ஒரு புதுமையைக் காட்ட வேண்டும். எங்களிடம் புதுமை எதுவும் இல்லை. இருந்தது என் மனு மட்டும்தான்.

முதலில் பெயர். பெயர் இல்லாத திட்டம் எங்கள் நாட்டில் திட்டமே அல்ல. இரண்டு கூட்டம் நடத்தி, நான்கு நீண்ட சொற்களின் தலைகளை வெட்டி ஒட்டி, 'சி ராம்பிங்' என்று வைத்தார்கள். ஒல்லிக்காரர் என்று பொருள். பாக் லூரா அதைப் பலமுறை சொல்லிப் பார்த்துத் தன்னையே அழைப்பது போல இருப்பதாகச் சந்தோஷப்பட்டார்.

மூன்றாம் கூட்டம் பெரிய கூட்டம். பேனர் கட்டினார்கள். மதிப்புக்குரிய ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வணங்கப் பதினான்கு நிமிடம். நாட்டுப்பண். பிரார்த்தனை. உணவுப் பெட்டி. பிறகு குழு. பாதுகாவலர், ஆலோசகர், பொறுப்பாளர், தலைவர், துணைத் தலைவர், இடதுபக்கக் கறுப்புப் பிரிவு, வலதுபக்கக் கறுப்புப் பிரிவு, உணவுப் பிரிவு, புகைப்படப் பிரிவு என்று பதினான்கு பொறுப்புகள். அலுவலகத்தில் பதினொரு பேர்தான். பாக் திர்த்தோவுக்கு மூன்று கிடைத்தது. என்னைப் 'பயனாளி' என்று எழுதினார்கள். வெனிங்கை 'ஆய்வுப் பொருள்' என்று எழுதினார்கள்.

நான் கையைத் தூக்கினேன்.

"பாக், டிவி மெனுவுலயே 'தானியங்கி'ன்னு ஒண்ணு இருக்கு. அதை ஒரு தடவை வெச்சிட்டா போதும். பழைய படம் வந்தா சதுரமா, உயர்தரப் படம் வந்தா அகலமா, அதுவே பாத்துக்கும். யாரும் எதையும் அழுத்த வேண்டாம்."

உணவுப் பெட்டியைப் பிரிக்கும் சத்தம்கூட நின்றது.

"அதுவே பாத்துக்குமா?" என்றார் பாக் லூரா.

"ஆமாம் பாக்."

"யாரோட அனுமதியில?"

"அனுமதி வேண்டாம் பாக். தானா நடக்கும்."

"தானா நடக்கறதை நாம எப்படித் தொடங்கி வைக்கறது?" அவர் குரலில் உண்மையான பயம் இருந்தது. "எல்லாம் தானா நடந்தா, மாஸ், நாளைக்கு ஜனங்க நம்மள என்னன்னு கேப்பாங்க?"

இபு லிலிக் குறிப்பேட்டில் எழுதினார்: 'தானியங்கி முறை நிராகரிக்கப்பட்டது. காரணம்: கையெழுத்துக்கு இடமில்லை.'

அடுத்து ஒப்பீட்டுப் பயணம். டிவியை ஒப்பிடக் குழு மலைமேல் ஒரு ஹோட்டலுக்குப் போனது. இரண்டு நாள். குடும்பத்தோடு. பயனாளிக்கு இடமில்லை. நான் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டேன். நாற்பத்தாறு பக்க அறிக்கையோடும் ஸ்ட்ராபெர்ரியோடும் திரும்பி வந்தார்கள். அறிக்கையில் பதினெட்டுப் பக்கம் அருவியின் படம். முடிவு: 'ஹோட்டல் டிவியில் அனைவரும் சரியான அளவில் தெரிந்தனர். காரணம் குளிர்ந்த காற்று எனக் கருதப்படுகிறது.'

ஹோட்டலில் உயர்தரச் சேனல்கள் மட்டும்தான் வரும். அதை நான் சொல்லவில்லை. ஸ்ட்ராபெர்ரி நன்றாக இருந்தது.

பிறகு சோதனை ஓட்டம். அந்தச் சதுரப் பொத்தானில் மூன்று நிலைகள். டிவி வந்தபடி இருப்பது முழுத்திரை. ஒருமுறை அழுத்தினால் பெரிதாக்கம். அதில் ஆள் குண்டாக மாட்டார், ஆனால் படத்தின் மேலும் கீழும் திரைக்கு வெளியே போய்விடும். இரண்டாவது முறை அழுத்தினால் நான்குக்கு மூன்று, அதாவது பழைய சதுர அளவு. மூன்றாவது முறை அழுத்தினால் மறுபடி முழுத்திரை. குழுத் தலைவருக்குத் திங்கட்கிழமைதான் நேரம் இருந்தது. அதனால் பாக் பூபதி பேசிக்கொண்டிருக்கும்போது பாக் திர்த்தோ, எழுத்தில் வாங்கிய அனுமதியோடு, ஒருமுறை அழுத்தினார்.

பாக் பூபதியின் கறுப்புத் தொப்பி காணாமல் போனது. நெற்றியில் பாதியும் போனது.

"தொப்பி எங்க?" என்று அலறினார் பாக் லூரா.

"மேல இருக்கு பாக். டிவிக்கு வெளியே."

பாக் லூரா எழுந்து டிவியின் மேல்பக்கத்தைப் பார்த்தார்.

"திருப்பி வைங்க! திருப்பி வைங்க!"

பாக் திர்த்தோ சடசடவென்று இரண்டு முறை அழுத்தினார். நடுவில் அரை வினாடி பாக் பூபதி தன் சொந்த அளவில் தெரிந்தார். தோள் குறுகிய, கொஞ்சம் களைத்த, சாதாரண மனிதர். கூடத்தில் எல்லாரும் பார்த்தார்கள். யாரும் பார்க்கவில்லை என்று அன்று மாலையே எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

அந்த அரை வினாடியால்தான் அகல அட்டவணை பிறந்தது. அகலம் என்பது பதவியைப் பொறுத்தது என்று குழு முடிவு செய்தது. பாக் பூபதிக்கும் அவர் மனைவிக்கும் நூறு சதவீதம். துறைத் தலைவர்களுக்குத் தொண்ணூறு. லூராக்களுக்கு எண்பத்தைந்து, அதற்கு முன்னால் 'குறைந்தபட்சம்' என்று பாக் லூரா தன் கையால் சேர்த்தார். நர்ஸ், ஆசிரியர், காவலர் ஆகியோருக்கு எழுபத்தைந்து. பொதுமக்களுக்கு இட வசதியைப் பொறுத்து.

"உங்க மனைவிக்கு எழுபத்தஞ்சுதான் வரும், மாஸ்," என்றார் பாக் லூரா வருத்தத்தோடு.

"அதைத்தான் பாக் நான் கேட்டேன்."

"பணியில இருக்கும்போது போனவங்களுக்கு ஒரு படி உயர்வு உண்டு. எழுதிக் கொடுத்தா எண்பது வாங்கித் தரலாம்."

"வேண்டாம் பாக்."

"வர்றதை வேண்டாம்னு சொல்றீங்களே! மனைவி மேல ஒரு பிடிப்பு வேண்டாமா?"

கறுப்புப் பட்டைகளுக்கும் வழி கண்டுபிடித்தார்கள். சும்மா கிடக்கும் திரையில் இடதுபக்கம் பாக் லூராவின் படம், வலதுபக்கம் பாக் பூபதியின் படம், இரண்டும் திரையின் உயரத்துக்கு அச்சடித்து, கண்ணாடி மேலேயே ஒட்டிவிட்டார்கள். திரை நூறு சதவீதம் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் உயர்தரச் சேனலில் பந்தாட்டம் போட்டால் இரண்டு கோல் கம்பமும் அந்தப் படங்களுக்குப் பின்னால் போய்விடும். ஆள் ஓடுவான், உதைப்பான், பந்து பாக் லூராவின் விலாவுக்குள் போகும், திரையில் கூட்டம் கத்தும்.

"கோலா, இல்லையா?" என்பார் யாராவது.

"பாக் லூராவைத்தான் கேக்கணும். அவர்தானே வாங்கி வெச்சுக்கிட்டார்," என்பார் இபு துமிரா.

இந்த நேரத்தில் சேனலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வரும் திங்கள் முதல் டெங்கு அறிவிப்பு மாறுகிறது. இனி பாக் பூபதியின் மனைவி தொட்டியைத் தேய்ப்பார். பழைய அறிவிப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். வெள்ளிக்கிழமை தொழுகைக்காக அலுவலகம் பதினொன்றரைக்கே மூடிவிடும். இரண்டு மணி அறிவிப்பு பூட்டிய கூடத்தில்தான் ஓடும். ஆக, எங்கள் கூடத்தில் வெனிங்குக்கு மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை காலை பத்து மணி மட்டும். நாற்பது வினாடி.

பாக் லூராவிடம் ஓடினேன்.

"கவலைப்படாதீங்க மாஸ். தொடக்க விழாவே வெள்ளிக்கிழமைதான். ஒன்பது மணிக்கு ஆரம்பம். ஒன்பதேகாலுக்குப் பொத்தான்."

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வழக்கம் போல முற்றத்தில் எல்லாரும் இசைக்கேற்ப உடற்பயிற்சி செய்தோம். பிறகு பாத்திக் சாயச் சட்டை மாற்றிக்கொண்டோம். ஒன்பது மணிக்குக் கூடம் நிறைந்தது. சிறப்பு விருந்தினர் ஒன்பது இருபத்தைந்துக்கு வந்தார். மதிப்புக்குரியவர்களை வணங்கி முடிக்க ஒன்பது நாற்பது. இபு லிலிக் அறிக்கையைப் படித்தார். அருவிப் படங்களைப் படிக்க முடியாது என்பதால் அவற்றை விவரித்தார். ஒன்பது ஐம்பத்து மூன்றுக்குப் பாக் லூரா மைக்கைப் பிடித்தார்.

பயனாளி என்பதால் என்னை டிவிக்குப் பக்கத்தில், சுவரோரமாக நிற்க வைத்திருந்தார்கள். எனக்கு அடுத்து பாக் திர்த்தோ. சிவப்பு வெல்வெட் தலையணை மேல் ரிமோட்டை ஏந்தியிருந்தார். பிளாஸ்டிக் உறையும் ரப்பர் பேண்டும் அப்படியே இருந்தன. தலையணையிலும் எண் ஒட்டியிருந்தது. பாக் லூரா எங்களுக்கு முன்னால், டிவிக்கு முதுகு காட்டி நின்றார். டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டிருந்தார்கள்.

"சிலர் கேக்கறாங்க," என்றார் பாக் லூரா. "ஒரு பொத்தானை அழுத்த ஏழு வாரமான்னு. நான் திருப்பிக் கேக்கறேன். முதல் நாளே அழுத்தியிருந்தா இன்னிக்கு நீங்க இங்க வந்திருப்பீங்களா? இந்தப் பேனர் வந்திருக்குமா? இந்த உணவுப் பெட்டி வந்திருக்குமா?"

கைதட்டினார்கள். ஒன்பது ஐம்பத்தெட்டு.

"நான் பொறுப்புக்கு வந்தப்ப இந்த வார்டுல பெரிசா ஒரு பிரச்சினையும் இல்ல. ஒண்ணுமே இல்ல! பிரச்சினை இல்லாத இடத்துல எப்படிச் சேவை செய்யறது? அதனால கிடைச்ச ஒரு சின்னப் பிரச்சினையை நாங்க கைவிடலை. பொத்தி வெச்சு வளர்த்தோம். இன்னிக்கு அதுக்குப் பதினாலு பொறுப்பாளர்கள்!"

பத்து மணி.

நான் கழுத்தைத் திருப்பினேன். வெனிங் தொட்டியைக் கவிழ்த்தாள். பீரோ அகலத்தில். பாக் லூராவின் காகித விலாவுக்கும் பாக் பூபதியின் காகிதத் தோளுக்கும் பின்னால் அவளுடைய இரண்டு முழங்கைகளும் போய் வந்தன. நான் வினாடிகளை எண்ணினேன். ஐந்து. எட்டு. பாக் லூரா தன் இளமைக் காலத்துக்குப் போய்விட்டார். பத்து. பதினொன்று.

பாக் திர்த்தோ நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் எதுவும் இல்லை. தலையணை மட்டும் கொஞ்சம் சாய்ந்தது. அவருடைய கட்டைவிரல் பிளாஸ்டிக்கின் மேல் இரண்டு முறை அசைந்தது.

வெனிங் தன் அளவுக்கு வந்தாள்.

இரண்டு பெரிய மனிதர்களுக்கு நடுவே, தொட்டியைவிடக் கொஞ்சம் பெரியவளாக, கழுத்தெலும்பு தெரிய, தேய்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் யாரோ "ஹா" என்றார்கள்.

"அதான். அதான் நம்ம சுஸ்," என்றார் இபு துமிரா.

வெனிங் நிமிர்ந்தாள். முழங்கையால் நெற்றியைத் துடைத்தாள். சத்தம் இல்லை. அது தேவைப்படவில்லை. மூன்று ஆண்டாகத் தினமும் கேட்ட கூடம். அவள் உதடு அசைந்தபோது இபு துமிரா தொடங்க, எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்.

"வாரத்துக்கு ஒரு தடவை. மறந்துடாதீங்க."

பாக் லூரா பேச்சை நிறுத்தினார். கண் கலங்கியிருந்தார். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"மறக்க மாட்டேன்," என்றார். "நீங்க இவ்வளவு ஆசைப்பட்டா, வாரத்துக்கு ஒரு தடவை நடத்திடுவோம்."

புகைப்படப் பிரிவு அந்தக் கணத்தைப் படம் எடுத்தது.

நாற்பது வினாடியில் இருபத்தெட்டு. எழுபது சதவீதம். எங்கள் அலுவலகத்துக்கு அது நல்ல சதவீதம்.

பத்து பத்துக்கு வெண்கலக் கோங் மணியை அடித்தார்கள். பாக் லூரா தலையணையிலிருந்து ரிமோட்டை எடுத்து, ஆணையில் உள்ளபடி இரண்டு முறை அழுத்தினார். ஏற்கெனவே சதுர அளவில் இருந்த படம் முழுத்திரைக்குப் போய், அதையும் தாண்டிப் பெரிதாக்கத்தில் போய் நின்றது. செய்தி வாசிப்பவருக்கு நெற்றி இல்லை. எல்லாரும் கைதட்டினோம். ஆணைப்படி அழுத்தியதால் அது நான்குக்கு மூன்றுதான் என்று இபு லிலிக் பதிந்துகொண்டார்.

விழா முடிந்து நாற்காலி அடுக்கும்போது பாக் திர்த்தோவின் பக்கத்தில் போய் நின்றேன்.

"பாக், அது…"

"எது?"

"ஆணை வர்றதுக்கு முன்னாடி…"

"எனக்கு மூணு பொறுப்பு, மாஸ். எந்தப் பொறுப்புல செஞ்சேன்னு எனக்கே தெரியல." அவர் ஒரு நாற்காலியின் ஸ்டிக்கரை நகத்தால் அழுத்தி ஒட்டினார். "பதிவேட்டுல இருக்கற மாதிரிதான் பொருள் இருக்கணும். சுஸ் எப்படி இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும். அவ்வளவுதான். போங்க, உணவுப் பெட்டி தீந்துடும்."

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பாக் பூபதியின் மனைவி எங்கள் டிவியில் தோன்றினார். பெரிதாக்கத்தில். மேலே தலை இல்லை, கீழே தொட்டி இல்லை. நடுவில் விலை உயர்ந்த ஒரு பாத்திக் சட்டை மட்டும் எதையோ முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டிருந்தது. கூடத்தில் ஒருவர் போனில் எடுத்து அனுப்பினார். பத்து ஏழுக்குப் பாக் லூராவுக்கு அழைப்பு வந்தது. அவர் செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

"மாஸ்! அந்தத் தானா சரியாகறது! எங்க இருக்கு அது?"

"மெனுவுல மூணாவது, பாக்."

"ஆணை?" என்றார் பாக் திர்த்தோ, அலமாரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு.

"ஆணையாவது பூனையாவது! அழுத்துங்கய்யா!"

நான்கு வினாடி.

அன்றிலிருந்து எங்கள் டிவியில் ஒவ்வொரு சேனலும் தன் அளவில் வருகிறது. பாக் பூபதியின் மனைவி தினமும் இரண்டு முறை சரியான அகலத்தில் தொட்டி தேய்க்கிறார். நூறு சதவீதம் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஒட்டிய படங்களை மட்டும் யாரும் கழற்றவில்லை. பந்து இன்னும் பாக் லூராவுக்குள்தான் போகிறது. புதுமைப் போட்டியில் எங்களுக்கு இரண்டாம் பரிசு.

பரிசோடு குழுவினர் எல்லாருக்கும் சட்டம் போட்ட புகைப்படம் ஒன்று கொடுத்தார்கள். பயனாளிக்கும் ஒன்று. பாக் லூரா நெஞ்சில் கை வைத்து நிற்கிறார். பாக் திர்த்தோ தலையணையோடு நேராகப் பார்க்கிறார். சுவரோரமாக நான், கேமராவைப் பார்க்காமல் கழுத்தைத் திருப்பிக்கொண்டு. எனக்கு இரண்டு முழம் தள்ளி, திரையில், நிமிர்ந்து நின்றபடி வெனிங். சட்டம் படத்தைவிட அகலமாக இருந்ததால், அச்சடித்தவர் படத்தை இரண்டு பக்கமும் இழுத்துச் சட்டத்தை நிரப்பியிருக்கிறார். பாக் லூரா ஒருவழியாகப் பயில்வான். எனக்கு இரண்டு தாடை. வெனிங்குக்கும் இரண்டு தாடை. இருவரும் ஒரே அளவுக்குக் குண்டாகியிருக்கிறோம்.

அதை வீட்டில் மாட்டியிருக்கிறேன். அசல் படம் என் கணினியில் இருக்கிறது. இழுத்ததைச் சரிசெய்து வேறு அச்சடிக்க நான்கு வினாடி போதும்.

செய்யவில்லை.